மீதி பதினேழு மூச்சு

சூலியா ஸ்திரீட் சந்து, பினாங்கு
11 பிப்ரவரி 1934

தம்பி கார்த்திகேசுக்கு,

நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. சுகமாய்த்தான் இருக்கிறாய் என்று பக்கத்து வீட்டு யூசுப் வந்து சொல்லிவிட்டார். கடலுக்கு அக்கரையில் வாடகை மோட்டார் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எத்தனை நாள் தப்புவாய்? சிம்பாங் அம்பாட்டில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இருக்கும் மடத்து வாசலில், வெள்ளை வேட்டியும் விபூதியுமாய் நின்றாயாம். "ஒங்க தம்பி கொஞ்சம் சதை போட்டிருக்காருலா, அக்கா" என்றார். கேட்டதும் எனக்கு வாயில் என்னென்னவோ வந்தது. அவர் முகத்துக்காக விழுங்கிக்கொண்டேன்.

அய்யா விழுந்து நாளையோடு ஒரு மாதம். நீ சொல்லாமல் கிளம்பிப் போய் இருபத்து நாலு நாள். இதுவரை உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை காலை நான் பசாருக்குப் புறப்பட்டபோது, நீ முன்னறையில் மான்தோலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். "அய்யாவப் பாத்துக்கடா, அரை மணி நேரத்துல வந்துர்றேன்" என்றேன். தலையை ஆட்டினாய். தீபாவளிக்கு வேலையை விட்டதிலிருந்து தினம் நூற்றெட்டு மூச்சு எண்ணுவது உன் வழக்கம். அது எனக்குத் தெரியும். வலது பக்கம் வாதத்தில் விழுந்த அய்யா தானாக எழுந்திருக்க முடியாது என்பதும், வெளிக்குப் போக அவருக்கு எனாமல் சட்டியை எடுத்து வைக்க ஆள் வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும்.

நான் திரும்பி வந்தபோது என்ன பார்த்தேன் என்பதை எழுதுகிறேன், உனக்கு மறந்திருந்தால் ஞாபகம் வரட்டும். அய்யா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கால் ஒரு பக்கமாய்த் திரும்பியிருந்தது. வேட்டியெல்லாம் மலம், கையிலும் மலம். நீ உள்ளறை வாசலில் நின்றுகொண்டு துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தாய். பெற்ற தகப்பனைத் தூக்கவில்லை. "அக்கா, சீக்கிரம் வாயேன்" என்றாய்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இந்த வயதில் இனி ஒட்டாது, படுக்கையிலேயே வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். ஆறாம் நாள் காலையில் உன்னைக் காணவில்லை.

இங்கே என் நாள் எப்படிப் போகிறது தெரியுமா? விடிந்ததும் சட்டி. துடைப்பு. துணி அலசல். பின்சந்துக் கக்கூஸ் ஜாம்பான் வாளியில் கொட்டிவிட்டு வந்தால் மறுபடியும் சட்டி. மத்தியானம் ஹனீபா டெய்லர் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறேன். எத்தனை தடவை சவுக்காரம் போட்டாலும் விரலில் அந்த நாற்றம் இருக்கிறது. அந்த விரலால்தான் சோறு அள்ளிச் சாப்பிடுகிறேன். நான் ஒன்றும் புண்ணியவதி இல்லை தம்பி. எனக்கும் குடலைப் புரட்டுகிறது.

ஒரே கேள்விதான். அய்யா கூப்பிட்டது உனக்குக் கேட்டதா, இல்லையா?

நல்லம்மாள்


சிம்பாங் அம்பாட்
17 பிப்ரவரி 1934

அன்பார்ந்த அக்காள் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை யூசுப் கொடுத்தார். கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானதே.

கேட்டதற்குப் பதில்: கேட்கவில்லை. அக்காள் இதை நம்ப வேண்டும். மூச்சில் மனம் நின்றுவிட்டால் புலன்கள் உள்ளே ஒடுங்கிவிடும். காது திறந்திருந்தும் கேளாது. அய்யாவின் குரலும் வாதம் வந்த பிறகு முன்போல் இல்லையே. விழுந்த சத்தம் கேட்ட பிறகே எனக்கு வெளியுணர்வு வந்தது. இது விதி என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நான் ஓடி வந்ததாக நினைக்கிறீர்கள். என்னைக் காணும்போதெல்லாம் தங்கள் மனம் கொதித்ததால் விலகி வந்தேன். இங்கே சாமி அவர்கள் எனக்குப் புதிய பயிற்சி ஒன்று கொடுத்திருக்கிறார். காலையும் மாலையும் அமர்ந்து, உடம்பில் உள்ள அசுத்தங்களை ஒவ்வொன்றாக மனதில் காண வேண்டும். சளி, பித்தம், சீழ், மலம், மூத்திரம், பல்லழுக்கு. காணக் காண அருவருப்பு உண்டாகும். அந்த அருவருப்பு முற்றினால் உடம்பின் மேல் பற்று விட்டுப் போகும், பிறகு அமைதி வரும் என்கிறார். சென்ற வாரம் ஒரு நாள் என் கையையே பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. சாமி மிகவும் சந்தோஷப்பட்டார்.

அக்காளும் வேலைகளுக்கு நடுவில் ஒரு நாழிகை உட்கார்ந்து பாருங்கள். மனம் லேசாகும். நாற்றம், அழுக்கு என்பதெல்லாம் வெறும் எண்ணம் என்று விளங்கும்.

ஓர் உதவி. இங்கே மண்தரை. ஈரம் ஏறி இடுப்பைப் பிடிக்கிறது. முன்னறை அலமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருக்கும் என் மான்தோலை யூசுப் வசம் கொடுத்தனுப்பவும்.

தம்பி,
கார்த்திகேசு


சூலியா ஸ்திரீட் சந்து
22 பிப்ரவரி 1934

கார்த்திகேசு,

மான்தோல் வராது. அது அய்யாவின் இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. மெத்தை தினம் நனைந்து நாறியது, காயவைக்க வெயிலும் இல்லை. தோல் என்றால் ஈரத்தைக் கீழே விடாது. அதனால் எடுத்துப் போட்டேன். ஒரு வாரத்தில் மயிரெல்லாம் ஊறிக் கொத்துக் கொத்தாய் உதிர்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அது செய்த முதல் நல்ல காரியம் இதுதான். வேண்டுமென்றால் அலசி அனுப்புகிறேன், அதில் உட்கார்ந்து அசுத்தத்தை நினைத்துக்கொள். நினைக்கச் சிரமமே இருக்காது.

சீ! எழுதும்போதே அருவருப்பாய் இருக்கிறது. அய்யாவின் மலத்தை நினைத்து இல்லை. உன்னை நினைத்து.

குரல் முன்போல் இல்லையாம். யாருக்குக் காது குத்துகிறாய்? சரக்குப் படகுத் தொங்கானில் ஆட்களை ஏவும் தண்டலாக நின்று, நடுக்கடலில் கிடந்த கப்பலுக்குக் கேட்கக் கத்திய குரல் அது. வாதத்தில் நாக்கு குழறியது உண்மை. சத்தம் குறையவே இல்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவிடித்துக்கொண்டிருந்த யூசுப் வீட்டு நூர்ஜானுக்குக் கேட்டிருக்கிறது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "மவன்தான் வீட்டுல இருக்குதேன்னு நான் வரலக்கா" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண் அழுகிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி. அவள் அழுகிறாள், நீ விதி என்று எழுதுகிறாய். உனக்கும் அய்யாவுக்கும் நடுவில் திறந்த கதவுதானே தம்பி.

எனக்கு உட்காரச் சொல்லிக்கொடுக்கிறாய். நான் உட்கார்ந்து வேறு பார்க்க வேண்டுமா? சொல்கிறேன் கேள். போன புதன்கிழமை அய்யாவைத் துடைக்கும்போது என் நினைப்பு வேறெங்கோ போய்விட்டது. உன்னைத்தான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குத் துடைத்தது, கண் பாட்டுக்கு எங்கோ பார்த்தது. முதுகெலும்பின் அடியில் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குச் சிவந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. மறுநாள் பார்த்தபோது தோல் கழன்று கையோடு வந்துவிட்டது. இன்று என் கட்டைவிரல் உள்ளே போகும் ஆழத்துக்குப் புண். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கவனம் தப்பியதற்கு இது.

அதற்குப் பிறகு துடைக்கும்போது துடைப்பதைத்தான் பார்க்கிறேன். எந்த நிறம், எங்கே ஈரம், எங்கே தொட்டால் அவர் பல்லைக் கடிக்கிறார் என்று பார்க்கிறேன். அமைதியா? ஒரு மண்ணும் இல்லை. வாந்தி தொண்டை வரை வருகிறது, அதையும் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். நாற்றம் வெறும் எண்ணம் என்று எழுதினாயே, இந்தப் புண்ணின் பக்கத்தில் வந்து ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு எழுது.

நூர்ஜானுக்குக் கேட்டது உனக்குக் கேட்கவில்லையா? திரும்பவும் கேட்கிறேன்.

நல்லம்மாள்


சிம்பாங் அம்பாட்
1 மார்ச் 1934

அக்காளுக்கு,

புண் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன்.

யோசித்துப் பார்த்தேன். ஏதோ சத்தம் கேட்டது போல இருக்கிறது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதாக நினைத்துவிட்டேன். உட்காரும்போது எந்தச் சத்தம் வந்தாலும் அதன் பின்னால் போகாதே, சத்தம் என்று மட்டும் அறிந்துகொண்டு விட்டுவிடு, மூச்சுக்குத் திரும்பு என்பதுதான் பயிற்சி. வண்டிச் சத்தம், சண்டைச் சத்தம் என்று ஆயிரம் வரும். அதில் ஒன்றாகப் போயிருக்கும். பயிற்சியை நான் ஒழுங்காகச் செய்ததே குற்றமாகிவிட்டது.

அக்காள் என்னை அருவருப்பதாக எழுதியது மிகவும் சுட்டது. நான் முன்பு இருந்தவன் இல்லை. சின்ன வயதில் மீன் கழுவிய தண்ணீரைக் கண்டால் ஓடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது தினம் காலையில் சாமி அவர்களின் எச்சில் படிக்கத்தைக் கழுவுகிறேன். வெற்றிலைச் சாறும் சளியும் கலந்து நூல் நூலாக வரும். வெறும் கையால் தேய்க்கிறேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தேய்த்தேன். இப்போது ஒன்றும் தோன்றுவதில்லை. இது குரு சேவை என்று நினைத்ததும் அருவருப்பு மறைந்துவிட்டது. எத்தனை பேருக்கு இது வாய்க்கும்?

சாமியைப் பற்றியும் நினைக்கிறேன். நாலு மணி நேரம் அசையாமல் இருக்கிறார். எழுந்ததும் ரசத்தில் உப்பில்லை என்று சமையல்காரர் சின்னையாவின் மேல் கிண்ணத்தை எறிகிறார். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, உங்களிடம் எழுதிவிட்டேன்.

அய்யா என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா?

கார்த்திகேசு


சூலியா ஸ்திரீட் சந்து
6 மார்ச் 1934

கார்த்திகேசு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நம்பவில்லை. எவனோ ஒருவன் துப்பிய சளியை வெறும் கையால் தேய்க்கிறாயா? அதைப் பெருமையாக எழுதி, மடித்து, என் தம்பி என்று கையெழுத்தும் போட்டு அனுப்புகிறாயா? ரசத்துக்குக் கிண்ணம் எறிகிறவனின் எச்சில் உனக்குச் சேவை. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர்மலைக் கோயில் படி ஏறிய மனிதனின் மலம் உனக்கு அசுத்தம். தூ!

அருவருப்பு போய்விட்டது என்கிறாயே, அது எங்கேயும் போகவில்லை தம்பி. உனக்குப் பெயர் கிடைக்கிற இடத்தில் ஒளிந்துகொள்கிறது. அய்யாவின் சட்டியைத் தூக்கினால் யார் உனக்கு மாலை போடப் போகிறார்கள்?

தெருச் சத்தம் என்று நினைத்தாயாம். தெருவில் போகிறவன் "டேய் கார்த்தி" என்று கூப்பிடுவானா? நூர்ஜான் சொன்னாள், மூன்று தடவையும் உன் பெயர்தான்.

அய்யா உன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று கேட்டிருக்கிறாய். கேட்கவில்லை. நானாகப் பேச்சை எடுத்தேன். "நீங்க கூப்பிட்டீங்கல்லய்யா? அவன் வரலதானே?" என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் கூப்பிடவே இல்ல புள்ள. நானா எந்திரிக்கப் பாத்தேன்" என்கிறார். நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் அதையேதான் சொன்னார். அந்தப் பொய்யைக் கேட்கும்போது அவர் மேலும் எனக்கு வெறுப்பு வருகிறது. என்னைப் பைத்தியக்காரி ஆக்குகிறீர்கள் இரண்டு பேரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புண்ணில் காற்றுப் பட வேண்டும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்ட வேண்டும். ஒற்றை ஆளாய்ப் புரட்டினால் உடைந்த இடுப்பு முறுக்கிக்கொள்கிறது. அவர் கத்துகிற கத்தலில் சந்தே வந்து நிற்கிறது. ஒருவர் இடுப்பைப் பிடித்து இன்னொருவர் தோளைத் திருப்பினால் வலியில்லை. இத்தனை நாள் நூர்ஜான் அந்த வயிற்றோடு வந்து பிடித்தாள். நேற்று அவளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நேற்றிலிருந்து நான் மட்டும்தான். நேற்றிலிருந்து அவர் ஒவ்வொரு தடவையும் கத்துகிறார். வலிக்குப் பயந்து நான் புரட்டாமல் விட்டால் புண் எலும்பைத் தொட்டுவிடும். தொட்டால் போய்விடுவார்.

என் வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி வேறு வந்திருக்கிறது. ஊசி குத்திய இடத்தில் புண்ணின் சீழ் பட்டிருக்கும். ஊசி பிடிக்க முடியவில்லை.

எனக்கு உன் மனசு வேண்டாம். இரண்டு கை வேண்டும். அவ்வளவுதான்.

நல்லம்மாள்


சிம்பாங் அம்பாட்
9 மார்ச் 1934

அக்கா,

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. எழுதிக் கிழித்துவிட்டேன், பிறகு எழுதினேன், பிறகும் கிழித்தேன்.

கேட்டது. மூன்று குரலும் கேட்டது.

முதல் தடவை "டேய் கார்த்தி" என்றபோது நான் அறுபதையோ அறுபத்தைந்தையோ தாண்டியிருந்தேன். எதற்குக் கூப்பிடுகிறார் என்று அப்போதே தெரியும். காலை ஏழரை மணிக்கு அவர் வேறு எதற்குக் கூப்பிடுவார்? சத்தம் என்று அறிந்து விட்டுவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை கொஞ்சம் உரக்க வந்தது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்துவிடுவாள் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை அவர் குரலில் அழுகை இருந்தது. அப்போது எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? இவ்வளவுக்கும் நான் அசையவில்லையே, என் மூச்சு தப்பவில்லையே என்று ஒரு சந்தோஷம் வந்தது. இதை எழுதும்போது என் கையை வெட்டிப் போட வேண்டும் போல இருக்கிறது. ஆனால் வந்தது. அதுதான் உண்மை.

பிறகு அவர் கூப்பிடவில்லை. கட்டில் முனகியது. அப்புறம் விழுந்த சத்தம்.

விழுந்த சத்தம் கேட்ட பிறகே வெளியுணர்வு வந்தது என்று எழுதினேனே, அதுவும் பொய். விழுந்தபோது எண்ணிக்கை தொண்ணூற்றொன்று. மீதி பதினேழு. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட நூற்றெட்டு தவறியதில்லை. இனி விழுந்தாயிற்று, பதினேழு மூச்சுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்று மூன்று என்று எண்ணினேன் அக்கா. அவர் உள்ளே முனகிக்கொண்டிருந்தார். நூற்றெட்டையும் முடித்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

நான் நிஷ்டையில் இல்லை. ஒரு கணமும் இருந்ததில்லை. வேலையை விட்ட நாளிலிருந்து அந்தத் தோலில் நான் உட்கார்ந்தது, அந்தச் சட்டியை என்னிடம் யாரும் நீட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். தியானம் பண்ணுகிறவனை யாரும் கக்கூஸ் கழுவச் சொல்ல மாட்டார்களே. அதை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

இன்று காலை படிக்கத்தைக் கையில் எடுத்ததும் குமட்டி அதிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வரலாமா? உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

கார்த்தி


பெரியாஸ்பத்திரி, பெண்கள் வார்டு
12 மார்ச் 1934

கார்த்தி,

இடக்கையால் எழுதுகிறேன், கோணலாய்த்தான் இருக்கும். விரலில் வந்தது முழங்கை வரை ஏறிவிட்டது. நேற்று கீறினார்கள். பத்து நாள் இங்கேயே இருக்க வேண்டுமாம்.

உன் கடிதத்தைப் படித்தேன். மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. குமட்டியது. பதினேழு என்ற இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

என் முகத்தில் நீ விழிக்க வேண்டியதே இல்லை, நான்தான் வீட்டில் இல்லையே. அய்யாவை யூசுப் பார்த்துக்கொள்கிறார், மோட்டாரை நிறுத்திவிட்டு. அவர் பிழைப்பைக் கெடுக்க முடியாது. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கிளம்பு. உனக்குத் துணையாக முன்வீட்டு அர்ஜுனன் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து தோளைப் பிடிப்பார், இங்கே வருமுன் கெஞ்சிச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ இடுப்பைப் பிடி. இடது கையை முழங்காலுக்கு அடியில் கொடு. அவசரப்படாதே. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே திருப்பு, வலித்தால் வாயால் சொல்ல மாட்டார், நெற்றியில் தெரியும். புண்ணுக்கு வெந்நீர் ஆற வைத்து ஊற்று. துடைத்த துணியை மோந்து பார். நாற்றம் மாறினால் உடனே டாக்டருக்குச் சொல்லி அனுப்பு.

உனக்கு அருவருப்பாய் இருக்கும். இருக்கட்டும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நல்லம்மாள்


சூலியா ஸ்திரீட் சந்து
19 மார்ச் 1934

அக்கா,

யூசுப் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதாகச் சொன்னதால் அவசரமாக எழுதுகிறேன். உங்களை வந்து பார்க்க முடியவில்லை. நாலு மணிக்குப் புரட்ட வேண்டும். அதற்குள் போய் வந்துவிடலாம் என்று யூசுப் சொல்கிறார், எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

புண் பெரிதாகவில்லை. ஓரத்தில் ரோஜா நிறமாய்ச் சதை வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். முந்தாநாள் துணியில் நாற்றம் மாறியது போலத் தோன்றியது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அர்ஜுனன் அண்ணன் நேரம் தவறாமல் வருகிறார். மான்தோலைச் சுருட்டி ஜாம்பான் வண்டிக்காரனிடம் போட்டுவிட்டேன். ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

முதல் நாள் மூன்று தடவை சாக்கடையோரம் போய் வாந்தி எடுத்தேன். இரண்டாம் நாள் ஒரு தடவை. இப்போது வாந்தி இல்லை, ஆனால் நாற்றம் அப்படியேதான் இருக்கிறது. நான் உட்கார்ந்து மனதில் கண்ட மலமும் சீழும் பொம்மைக் கடைச் சாமான்கள் அக்கா. அவற்றுக்குச் சூடு இல்லை, கையில் ஒட்டாது. இது சூடாக இருக்கிறது. உட்கார்ந்ததெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். எழுந்து ஓடிவிடு என்று உடம்பெல்லாம் சொல்லும்போது ஓடாமல் இருக்கத் தெரிகிறது, அந்த ஒன்று மட்டும் அங்கிருந்து வந்திருக்கிறது. அன்று எழுந்திருக்காமல் இருந்ததும் அதே வித்தைதான் என்பதை நினைத்தால் எனக்கே என்னைச் சகிக்கவில்லை.

நேற்று அய்யாவிடம் சொல்லிவிட்டேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் சொன்னேன், அப்போதுதான் அவர் என்னைப் பார்க்காமல் இருப்பார்.

"அய்யா, அன்னிக்கு நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"கதவு தொறந்துதானடா கெடந்துச்சு. மூணாவது தடவ கூப்புட்டப்ப ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான் கூப்புட்டேன். கண்ணத் தொறக்கல. மூஞ்சி மட்டும் சுளிச்சுச்சு. சரி, இவனுக்குப் புடிக்கலன்னு நானே எந்திரிச்சேன்."

"அப்புறம் ஏன் அக்காகிட்ட கூப்பிடவே இல்லைன்னு சொன்னீங்க?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்: "வேற என்னத்தச் சொல்றது? பெத்த புள்ள என்னயப் பாத்து மூஞ்சி சுளிச்சான்னா? அத எந்த வாயால சொல்லுவேன்?"

நான் அழுதேன். "அழுவுறத அப்புறம் வெச்சுக்க, ஈரம் குளுருது, மொதல்ல தொடை" என்றார். துடைத்தேன்.

அக்கா, உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. இப்போதும் என் முகம் சுளிக்கிறது. எவ்வளவோ அடக்கிப் பார்க்கிறேன், சட்டியைத் திறந்ததும் தானாகச் சுளித்துவிடுகிறது. அதைப் பார்க்க வேண்டாம் என்று, நான் துடைத்து முடிக்கும்வரை அய்யா கண்ணை மூடிக்கொள்கிறார்.

கார்த்தி